மூன்று மணிக்கு நான் அங்கே இல்லை

ஓடுகிறேன். சந்து முழுக்க ஆட்கள் எதிரே வருகிறார்கள். நான் ஒருத்தி மட்டும் உள்ளே போகிறேன். தோளில் இடிக்கிறார்கள். ஒரு செருப்பு போய்விட்டது. குனியவில்லை.

மணி மூன்று நாற்பத்தொன்று. சந்து முனையில் செல்போனைப் பார்த்தேன். அதனால் தெரியும்.

"பாஹர் நிகலோ. சப் பாஹர்." எல்லோரும் வெளியே என்று ஒருவன் கத்துகிறான்.

"ஏ புள்ள, சிலிண்டர் இருக்கு. உள்ள போகாத."

டம். நான்காவது சிலிண்டர். முதலில் காதில் கேட்கவில்லை. பாதத்தில் கேட்டது. பிறகுதான் காது. பிறகு மேலே இருந்து தகரம் விழுகிற சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எல்லோர் வாயும் அசைகிறது. சத்தம் இல்லை.

புகை கறுப்பு. பிளாஸ்டிக் எரிகிற வாசனை. நாக்கில் ஒட்டுகிறது. எங்கள் சபையின் நீலத் தகரம் தெரிகிறது. முப்பது அடி இருக்கும். மேலே சின்ன ஜன்னல். அதிலிருந்தும் புகை வருகிறது.

"எங்கம்மா மேல இருக்கா."

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ என் பையின் வாரைப் பிடித்து இழுத்தார்கள். வார் அறுந்தது. இன்னொருவர் இடுப்பைப் பிடித்தார். தூக்கினார். என்னைப் பின்பக்கமாகவே சந்தை விட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அதனால் கடைசிவரை அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"மேல யாரும் இல்லம்மா. எல்லாரும் எறங்கியாச்சு."

சொன்னவர் முகம் ஞாபகம் இல்லை. அதை நம்பினேன். இரண்டு நிமிடம் நம்பினேன். அந்த இரண்டு நிமிடமும் நன்றாக இருந்தது. ரோட்டில் நின்றவர்களுக்குள் அம்மாவைத் தேடினேன். பச்சைச் சேலை. வெள்ளைப் பூ. அவளை எங்கும் காணவில்லை.

என் பெயர் பியூலா. வயது இருபத்திரண்டு. தாராவியில் பிறந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றேன். அப்பா செத்த வருஷம் அது. பிறகு நானும் அம்மாவும்தான். அம்மா பெயர் செல்வமணி. வீட்டில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்து, பட்டன் தைப்பாள். நான் சான்பாடாவில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை ஷிப்ட்.

நடந்ததை எங்கள் சபையில் வேறு மாதிரி சொல்கிறார்கள். அது நல்ல கதை. ஆனால் நடந்தது அது இல்லை. நேரம் தப்பு. அதனால் நேரத்தோடு எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் உண்டு. நாற்பது நாள். காலை ஆறு மணி முதல் சாயங்காலம் ஆறு மணி வரை. ஒரு மணி நேரத்துக்கு ஒருவர். சபைக்கு மேலே தகரத்துக்கு அடியில் ஒரு மாலா இருக்கிறது. பரண் மாதிரி. நிமிர்ந்தால் தலை இடிக்கும். இரும்பு ஏணியில் ஏற வேண்டும். போனைக் கீழே வைத்துவிட வேண்டும். முழங்கால் போட ஒரு பாய். ஒரு நோட்டு. நோட்டில் பெயர், ஏறிய மணி, இறங்கிய மணி. அவரவர் கையால் எழுத வேண்டும். அடுத்த ஆள் ஏறி வந்தால், இரண்டு பேரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்வார்கள். பிறகு முதல் ஆள் இறங்கலாம். அடுத்த ஆள் வராவிட்டால் இறங்கக் கூடாது. சங்கிலி அறுந்துவிடும்.

யாரும் அடிக்க மாட்டார்கள். திட்ட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயா நோட்டைப் பார்த்து வாசிப்பார். தீக்கு முந்தின வருஷம் ஒரு அக்கா ஒரு நாள் வரவில்லை. "செவ்வாய்க்கிழம பதினோரு மணிக்குப் பரலோகத்துல லைன் கட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.

அம்மாவுக்கு இரண்டிலிருந்து மூன்று. எனக்கு மூன்றிலிருந்து நான்கு. என் பெயரைக் கொடுத்தது அம்மாதான்.

"எம்மா, எனக்கு முடியாது. ரெண்டு மணிக்குத்தான் ஷிப்ட் முடியும்."

"ரெண்டு பதினொண்ணு ட்ரெயின் புடிச்சா மூணு மணிக்கி வந்துறலாம். நான் கேட்டுட்டேன்."

"தூக்கம் வரும்மா."

"ஏட்டி, நாள் முழுக்க எவன் ஆபீசையோ தொடைக்க. ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் முட்டி போட ஒனக்கு நோவுதோ."

அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. தங்கம் சித்தி எதிர்வீடு. அவள் வாசலிலிருந்து பார்த்தால் சபை ஏணி தெரியும். கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "செல்வக்கா, அவள தூங்க உடுங்க. கனவுலயாவது ஆண்டவரப் பாக்கட்டும்" என்றாள். அம்மா அவள் மேல் நூல்கண்டை எறிந்தாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் உபவாசம். என் மணி முடியும் வரை சாப்பாடு இல்லை. நான்கு மணிக்கு நான் இறங்கி வந்த பிறகுதான் கஞ்சி. நான் சாப்பிடாமல் வேலை செய்கிறேன் என்று அவளும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

இரண்டாம் வாரம். வியாழக்கிழமை.

புதன் அன்று இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தேன். ஒரு பெண் வரவில்லை. சூப்பர்வைசர் விடவில்லை. வியாழன் காலை ஆறு மணிக்கு மறுபடியும் மாப் பிடித்தேன். ஏழு மாடி. கண்ணுக்குள் மணல் மாதிரி. பதினோரு மணிக்கு லிப்ட்டுக்குள் நின்றபடி தூங்கிவிட்டேன். கதவு திறந்தது தெரியவில்லை. சூப்பர்வைசர் எதிரே நிற்கிறார்.

"அரே பியூலா, தூங்கிட்டியா? உன் சாமிகிட்ட சொல்லி எனக்கும் ஒரு நாள் லீவு வாங்கிக் குடு" என்றார் இந்தியில்.

சிரித்தேன். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

இரண்டு பதினொன்று. ட்ரெயின் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. இடம் கிடைத்திருக்கக் கூடாது. நின்றுகொண்டு வந்திருந்தால் தூங்கியிருக்க மாட்டேன். வாஷி தாண்டி கடல்பாலம் வந்தது ஞாபகம் இருக்கிறது. கம்பிக்குள் காற்று போகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடி ஜெபம் பண்ணலாம் என்று நினைத்தேன். உண்மை. ஜெபத்துக்குத்தான் மூடினேன்.

செம்பூர் தெரியாது. குர்லா தெரியாது. குர்லாவில் இறங்கி, வேறு ட்ரெயின் மாறி, சயானில் இறங்க வேண்டும். கண் திறந்தபோது பக்கத்துச் சீட் காலி. வெளியே பலகை. சிவ்ரி. குர்லாவிலிருந்து நான்கு ஸ்டேஷன் தள்ளி.

இரண்டு ஐம்பத்திரண்டு.

இறங்கினேன். பாலம் ஏறி அந்தப் பக்கம் ஓடினேன். ட்ரெயின் மூன்று மணி மூன்று நிமிடத்துக்கு வந்தது. குர்லாவுக்குத்தான் திரும்பிப் போனேன். தினமும் போகிற வழி அது. தூக்கம் கலையாத தலைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நடுவில் ஜி.டி.பி. நகர் வந்தது. அங்கே இறங்கி ஒரு டாக்சி பிடித்திருந்தால் மூன்று இருபதுக்குத் தாராவி. இதைப் பிறகுதான் யோசித்தேன். இப்போது தினமும் யோசிக்கிறேன்.

போனில் மிஸ்டு கால் இல்லை. அம்மாவின் போன் ஏணிக்குக் கீழே இருக்கும். அவள் மேலே இருப்பாள்.

மூன்று முப்பத்தொன்று. சயான் ஸ்டேஷன் பாலத்தின் மேல். முதல் சத்தம். டம். கட்டடம் இடிக்கிறார்கள் என்று நினைத்தேன். காக்கைகள் ஒரே நேரத்தில் எழும்பின. மூன்று முப்பத்துநான்கு. இரண்டாவது. மேற்கே புகை எழுந்தது. அப்போதும் எங்கள் சந்து என்று நினைக்கவில்லை. மூன்று முப்பத்தெட்டு. மூன்றாவது. தொண்ணூறு அடி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் யாரிடமோ போனில் சொல்கிறான், சர்ச்சுக்குப் பக்கத்தில் கோடவுன் என்று.

சபையை ஒட்டி ஒரு கோடவுன். பழைய பிளாஸ்டிக் பிரித்து மூட்டை கட்டுகிற இடம். தீ அங்கேதான். மூன்று இருபத்தைந்துக்குப் பிறகு பிடித்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப் பிடித்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். கோடவுனுக்கும் சபைக்கும் நடுவில் ஒரு தகரம்தான். ஏணி அந்தத் தகரத்தை ஒட்டித்தான் நிற்கிறது.

மொத்தம் ஏழு சிலிண்டர் வெடித்தது. ஏழாவது மூன்று ஐம்பத்தெட்டு.

பயர் பிரிகேட் வண்டி சந்துக்குள் வர முடியாது. குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். உட்கார வைத்திருந்தார்கள். முதலில் கோடவுனிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். மேலே தார்ப்பாய் போட்டிருந்தது. கால்கள் மட்டும் வெளியே. அவர்களுக்காக அழ யாரும் வரவில்லை. எல்லோரும் பார்த்தோம். பிறகு வேறு பக்கம் பார்த்தோம்.

நான்கு இருபத்திரண்டு. ஒரு பயர்காரர் ஏணிப்பக்கம் இருந்து வருகிறார். தோளில் பச்சைச் சேலை.

நெருப்பு அவளைத் தொடவில்லை. தலைமுடிகூடப் பொசுங்கவில்லை. புகைதான். மூக்கைச் சுற்றி இரண்டு கறுப்பு வளையம். தண்ணீர் பட்டு உடம்பெல்லாம் நனைந்திருந்தது. முழங்கால் இரண்டும் மடங்கியே இருந்தது. நீட்டப் பார்த்தேன். நீளவில்லை. பெரியாஸ்பத்திரியில் இறந்ததாக எழுதித் தந்துவிட்டார்கள். ஐந்து மணி பத்து நிமிடம் என்று எழுதினார்கள். அதுவும் சரியான நேரம் இல்லை. அது அவர்கள் பார்த்த நேரம்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சிவ்ரி கல்லறைத் தோட்டம். வேனில் போனோம். நான் பெட்டிமேல் கை வைத்திருந்தேன். ஸ்டேஷன் பக்கம் வேன் திரும்பியது. பலகையைப் பார்த்தேன். நேற்று கண் திறந்தபோது பார்த்த அதே பெயர்.

நோட்டு அம்மாவின் வயிற்றுக்குக் கீழே இருந்தது. ஓரம் ஊறியிருந்தது. பயர்காரர் பாஸ்டர் ஐயாவிடம் கொடுத்தார். அடக்கம் முடிந்த சாயங்காலம் அவர் மனைவி பாஸ்டரம்மா அதைப் பிரித்து எனக்குக் காட்டினாள்.

செல்வமணி. இரண்டு. மூன்று.

அதன் கீழே: பியூலா. மூன்று. அடுத்த கட்டம் காலி.

"பாப்பா, மூணு மணிக்கு நீ ஏறியிருக்க. ஒன் கையெழுத்து இருக்கு" என்றாள் பாஸ்டரம்மா. அழுதுகொண்டே சொன்னாள். "தீயைப் பாத்ததும் எறங்கிட்ட. அம்மாவுக்கு அது தெரியல. ஒன்னத் தேடி மறுபடி ஏறியிருக்கா. தங்கம் கண்ணால பாத்துருக்கா."

தங்கம் சித்தி பக்கத்தில் நின்றாள். தலையை ஆட்டினாள். அம்மா ஏணியில் பாதி இறங்கி, சந்தை எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறியதைப் பார்த்தாளாம்.

அது என் கையெழுத்து இல்லை.

அம்மாவின் கை எனக்குத் தெரியும். துணியில் சாக்பீஸ் போடுகிறவள். பேனாவையும் அப்படியே அழுத்துவாள். அடுத்த பக்கத்தில் பள்ளம் விழும். தடவிப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. மூன்று மணிக்கு நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் பெயரை வாசித்துச் சிரிக்கக் கூடாது என்று அவள் எழுதியிருக்கிறாள். ஆண்டவருடைய நோட்டில் பொய் எழுதியிருக்கிறாள். கடைக்காரன் ஒரு பட்டன் அதிகம் கொடுத்தால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்தது.

கதை வளர்ந்தது. மகளைக் காப்பாற்றத் தீக்குள் ஏறிய தாய். ஜெபத்தில் இருந்த மகளைக் கர்த்தர் எழுப்பி வெளியே அனுப்பினார். மாட்டுங்காவில் இருக்கிற பெரிய சபையிலிருந்து வந்தவர்கள் என் தலையில் கை வைத்தார்கள். டோம்பிவிலியிலிருந்து ஒரு குடும்பம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தது. "இந்த அக்காவைத்தான்" என்று காட்டினார்கள். நான் முனிசிபாலிட்டி ஸ்கூலில், நாலாம் வகுப்பு அறையில், தரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சந்து ஆட்கள் எல்லோரையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். பெஞ்சின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை என்னைத் தொட்டுப் பார்த்தது.

மூன்று வாரம் அங்கே. பிறகு வேலை இடத்துக்குப் பக்கம் கோபர்கைரனேயில் ஒரு அறை. கூட வேலை செய்கிற இரண்டு மராத்திப் பெண்கள். நல்லவர்கள். நான் சாப்பிடாவிட்டால் தட்டை என் பக்கம் தள்ளுவார்கள். ஆனால் அந்த அறையில் தமிழ் இல்லை. நாள் முழுக்க ஒரு தமிழ் வார்த்தை பேசாமல் போய்விடுகிறது. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது எம்மா என்று சொல்லிப் பார்த்தேன். சும்மா. சத்தத்துக்காக.

விசுவாசம் போய்விட்டதா என்று கேட்பார்கள். எனக்கே தெரியாமல் இருந்தது. பாட்டு வரவில்லை. வேதத்தை எடுத்தால் எழுத்து ஓடுகிறது. முழங்கால் போட்டால் அம்மாவின் முழங்கால் ஞாபகம் வருகிறது. எழுந்துவிடுவேன். ஆண்டவரோடு சண்டை போடவும் தெம்பில்லை. சண்டை போட ஆள் வேண்டும். தூங்கியது அவர் இல்லை. நான்.

ஆனால் மூன்று மணி தினமும் வருகிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் சனிக்கிழமை. ஸ்கூல் அறையில் கடிகாரம் மூன்று. எழுந்து நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை. வெராண்டா மூலைக்குப் போனேன். சுவரைப் பார்த்து நின்றேன். ஜெபம் வரவில்லை. "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். நான்கு மணி வரை நின்றேன். கால் மரத்தது. தூக்கம் வந்தது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒருநாளும் விடவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகு, மூன்று மணிக்குத் தூங்கிவிடக் கூடாதென்று உட்காருவதே இல்லை. சில நாள் ஸ்டேஷன் பிளாட்பார்ம் கடைசியில். சில நாள் டபுள் ஷிப்ட் என்றால் பினாயில் வைக்கிற அறையில். ட்ரெயினில் லேடீஸ் டப்பாவில் கம்பியைப் பிடித்தபடி நின்றும் செய்திருக்கிறேன். பல நாள் அந்த ஒரு வார்த்தைதான். வந்துட்டேன். பதில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் இல்லை. கண்ணீர்கூட இல்லை. ஒரு மணி நேரம் நிற்கிறேன். போகிறேன். மறுநாள் நிற்கிறேன். இதற்குப் பெயர் ஜெபமா என்று பாஸ்டர் ஐயாவிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு. சபை எரிந்துவிட்டதால் ஒரு ஹால் வாடகைக்கு எடுத்து ஆராதனை. சாட்சி நேரம். எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே யாராவது எழுந்து, கர்த்தர் செய்த நன்மையைச் சொல்வார்கள். பாஸ்டரம்மா மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாலு வார்த்த போதும் பாப்பா. எத்தன பேருக்கு விசுவாசம் பெருகும் தெரியுமா." அம்மாவின் போட்டோவை முன்னால் வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

மைக் கையில் இருக்கிறது. கூட்டம் நிறைய.

"நான் மேல ஏறவே இல்ல" என்றேன்.

மைக் கீச்சென்றது. நிறுத்தவில்லை.

"அன்னைக்கி நான் ட்ரெயின்ல தூங்கிட்டேன். சிவ்ரி வரைக்கும் போயிட்டேன். சந்துக்கு வரும்போது மூணு நாப்பத்தொண்ணு. தீ எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அம்மா என்னத் தேடி ஏறல. நான் வரலன்னு எறங்காம இருந்தா. நோட்டுல இருக்கது எங்கம்மா கை. என் கை இல்ல. இத இத்தன நாள் சொல்லாம இருந்தேன். என்ன மன்னிச்சிருங்க."

சீலிங் ஃபேன் சத்தம். ஒரு குழந்தை இருமியது. யாரும் ஆமென் சொல்லவில்லை. சாட்சி முடிந்தால் ஆமென் சொல்வார்கள்.

பாஸ்டரம்மா வந்து மைக்கை வாங்கினாள். என் தோளை அணைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு இன்னும் அதிர்ச்சி தெளியல. எல்லாரும் ஜெபிப்போம்" என்றாள். ஜெபித்தார்கள். எனக்காக. நான் தெளிய வேண்டும் என்று.

வெளியே வந்தேன். செருப்பைத் தேடினேன். என்னைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. மற்ற நாள் நாலு பேர் கையைப் பிடிப்பார்கள். அன்றைக்கு யாரும் இல்லை. தங்கம் சித்தி மட்டும் வந்தாள். கோபமாக வந்தாள்.

"ஏன்ட்டி இப்பிடிச் சொன்ன? நல்லாத்தானட்டி இருந்துச்சு."

"எது சித்தி நல்லா இருந்துச்சு?"

"ஒங்கம்ம பேரு. ஊரே கும்புட்டுச்சு. இப்பம் நோட்டுல பொய் எழுதுனவன்னு ஆயிட்டுல்லா. செத்தவள இப்பிடியாட்டி சந்தியில நிறுத்துவ?"

அது எனக்கு உறைத்தது. அதை நான் யோசித்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நான் மட்டும்தான் கெட்டவள் ஆவேன் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒன்று மட்டும் கேட்டேன்.

"சித்தி, நீங்க அவள ஏணியில எத்தன மணிக்கிப் பாத்தீய?"

"அது... மூணேகால் இருக்கும்."

"அப்பம் தீ இருந்துச்சா?"

சித்தி முந்தானையைக் கையில் சுற்றினாள்.

"இல்ல."

"பெறகு எதுக்கு எட்டிப் பாத்தா?"

"ஒன்னத்தான்ட்டி. வேற யார."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது.

"நான் வாசல்ல பாத்திரம் தேச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "யக்கா, பிள்ள வரலியா, கொஞ்சம் தண்ணி தாரேன் குடிங்கன்னேன். வேண்டாம், நாலு மணிக்கின்னு சொல்லிட்டா. ஒங்க மவ எங்கயாவது தூங்கிருப்பான்னு கிண்டல் பண்ணுனேன். ஒங்கம்ம சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா. ஆமா தங்கம், ட்ரெயின்ல தூங்கிருப்பா, நேத்து ரெண்டு ஷிப்டு பாத்துருக்கா, தூங்கட்டும், அவ மணியையும் நானே பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டு ஏறிட்டா."

ஹாலுக்குள் நாற்காலி மடக்குகிற சத்தம் கேட்கிறது. ஒன்று. இன்னொன்று.

"இத ஏன் சித்தி சொல்லல?"

"எப்பிடிட்டி சொல்ல. அடக்கத்து அன்னைக்கே கத பெருசாயிட்டு. அம்மா தீக்குள்ள ஏறுனான்னு பாஸ்டரே சொல்லுதாவ. அதுக்கு நடுவுல நான் போயி, அவ சிரிச்சா, தூங்கட்டும்னா அப்பிடின்னு சொல்லவா? அது ஒண்ணும் பெரிசா தோணல எனக்கு."

எனக்குத் தெரிந்த செய்திகளில் அதைவிடப் பெரியது இல்லை.

அந்தப் படியிலேயே அழுதேன். முதல் தடவை. சித்தி தன் முந்தானையைக் கொடுத்தாள். மீன் வாசனை அடித்தது. அவளும் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சாப்டியாட்டி?" என்றாள். நான் சாப்பிட்டிருக்கவில்லை.

பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மாறியதாக எழுதினால் அதுவும் பொய். சபையில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பாஸ்டர் ஐயா பேசுகிறார். ஆனால் அந்த விஷயத்தைப் பேசுவதில்லை. அம்மாவின் போட்டோவுக்குக் கீழே பழைய கதைதான் எழுதியிருக்கிறது. நான் அதைக் கிழிக்கவில்லை. டோம்பிவிலியிலிருந்து வந்த குடும்பம் இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறது. கோபர்கைரனே அறையில் இரவுச் சாப்பாட்டுக்கு நானும் அந்த இரண்டு பெண்களும். அவர்களுக்கு என் கதை தெரியாது. தெரியாதது நல்லதுதான்.

இந்த வருஷ லெந்துக்குச் சங்கிலி ஜெபத்துக்குப் பெயர் கேட்டார்கள். ஹாலிலேயே ஒரு மூலையில் திரை கட்டி இடம். மூன்று மணி என்றபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன். பாஸ்டர் ஐயா எழுதிக்கொண்டார். ஒன்று கேட்டேன். யாராவது வராவிட்டால் இறங்கிப் போகலாம் என்று சபைக்குச் சொல்லுங்கள், வராதவர் பெயரை வாசிக்காதீர்கள் என்று. அவர் இதுவரை வாசிக்கவில்லை.

எனக்கு இன்னும் வார்த்தை வருவதில்லை. சில நாள் முழங்கால் போட்டபடியே தூங்கிவிடுகிறேன். முன்பு அதற்குப் பயந்தேன். இப்போது பயம் இல்லை. ஏன் என்று சொல்லிவிட்டேன்.

இனி இழந்தது. எனக்குத் தெரிந்தவரை சரியாக எழுதுகிறேன்.

வீடு, பதினொன்று. அதில் எங்களுடையது ஒன்று. சபைக் கட்டடம், ஒன்று. தையல் மெஷின், எங்கள் சந்தில் மட்டும் ஆறு. அம்மா முடித்து வைத்திருந்த சட்டைகள், நாற்பது. காஜா எடுக்காதவை, பன்னிரண்டு. அப்பாவின் போட்டோ. வேறு பிரதி கிடையாது. தங்கம் சித்தியின் பூனை. ரேஷன் கார்டு திரும்பக் கிடைத்துவிட்டது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆட்கள்.

செல்வமணி. வயது நாற்பத்தேழு. என் அம்மா.

முன்னா. கோடவுனில் வேலை. வயது முப்பதுக்குமேல். சந்து முனை டீக்கடைக்காரருக்கு அந்தப் பெயர்தான் தெரியும். முழுப் பெயரைத் தேடினேன். கோடவுன்காரருக்கும் தெரியவில்லை. தினமும் இரண்டு டீ குடிப்பாராம். சர்க்கரை அதிகமாக.

இர்ஃபான். அவரும் கோடவுன். வயது இருபத்தொன்பது. ஊரில் ஒரு பெண் குழந்தை. இதை அவர் மச்சான் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவர்.

சபையில் ஒரு பெயரை மட்டும் வாசிக்கிறார்கள். செத்தது மூன்று பேர்.